முறுக்கால் அளந்த எக்ஸாஸ்ட்

"சகலை, காரு ஸ்டார்ட் ஆயிருச்சா இல்லையா?"

தீபாவளியன்று என் சகலை முகுந்தன் என்னிடம் கேட்ட கேள்வி இது.

கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது!

முகுந்தன் என் மனைவி வசந்தாவின் தங்கை கலாவைக் கட்டியவர். மலேசியாவில் அவர்கள் பத்து காஜாவில், நாங்கள் பக்கத்து ஊரான ஈப்போவில். பென்ஷன் வந்ததும் இரண்டு பேரும் ஒரே மாடலில், ஒரே 1.8 லிட்டரில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆளுக்கொன்று வாங்கினோம். இரண்டே சீட். (அக்காவும் தங்கையும் ஒரு வாரம் பேசவில்லை. எங்களோடு மட்டும்.)

இரண்டு வருடம் எல்லாம் சமமாக இருந்தது.

பிறகு அவர் காரில் கை வைத்தார். காற்று போகும் இன்டேக்கை மாற்றினார். எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் ஹெடரை மாற்றினார். பின்னால் புது எக்ஸாஸ்ட். கடைசியில் கம்ப்யூட்டர் வைத்து டியூனிங்.

அதற்குப் பிறகு அவர் கார் கிளம்பும்போது, நல்ல தவில்காரர் முதல் அடி அடிப்பது போல ஒரு சத்தம்.

"கேக்கவே நல்லா இருக்குல்ல?" என்றாள் வசந்தா.

முப்பத்தாறு வருடத்தில் என் குரலைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை!

அந்தத் தீபாவளியன்று அவர் வீட்டில் எல்லாரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் கையில் முறுக்கோடு வெளியே வந்தேன். அவர் காரின் பின்னால் குந்தினேன். எக்ஸாஸ்ட் பளபளவென்று இருந்தது. அளக்க ஒன்றும் இல்லை. முறுக்கை வைத்துப் பார்த்தேன்.

கச்சிதம்!

அந்த முறுக்கை டிஷ்யூவில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். (அறிவியல் வாத்தியார். அளவுகோல் இல்லாவிட்டால் இருப்பதை வைத்து அளக்கும்படி நானே எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்!)

அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே.

மறுவாரம் மெங்லெம்புவில் தினேஷ் என்ற மெக்கானிக்கிடம் போனேன்.

"இந்த அளவுக்கு பைப்பு போடணும். முடிஞ்சா இதைவிடப் பெருசா."

"சார், இது முறுக்கு."

"அளவப் பாருப்பா."

"இவ்ளோ பெருசுக்கு அடியில எடமே இல்ல லா. மூணு இன்ச்சுன்னா போலே, போடலாம். ஆனா டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதுவே ஜாஸ்தி சார். ஏத்தத்துல இழுவை போயிரும்."

"போடு, நான் பாத்துக்குறேன்."

போட்டார். முறுக்கைத் திருப்பித் தரவில்லை. தின்றுவிட்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் பக்கத்து வீட்டு நாய் செருப்பு அலமாரிக்குள் போய்ப் புகுந்துகொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

போன ஞாயிறு, கேமரன் மலைக்கு டீ குடிக்கப் போகலாம் என்று இரண்டு காரும் கிளம்பின. சிம்பாங் பூலாய் வழியாக நீண்ட ஏற்றம். எனக்கு ஒரே ஆசைதான். அந்த ஏற்றத்தில் முகுந்தன் என் பின்னால் வரவேண்டும். அதை வசந்தா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சமதரையில் நான்தான் முன்னால்.

முதல் பெரிய வளைவு. மூன்றாவது கியர். மிதித்தேன்.

சத்தம் சிங்கம். வேகம் எருமை!

முகுந்தன் சிக்னல் போட்டு, மரியாதையாகக் கையைக் காட்டிவிட்டு, முந்திப் போனார். அடுத்து ஒரு காலி காய்கறி லாரியும் முந்தியது. (ஹார்ன் வேறு.)

வழியில் ஒரு கடை அருகே அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வசந்தா தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"மண்டைக்குள்ள அரிசி மில்லு ஓடுது. கலா, நீ ஓட்டு. நான் ஒன்கூட வாரேன்."

"அப்ப நான்?" என்றார் முகுந்தன்.

"நீங்க அத்தான்கூட வாங்க" என்று கலா சாவியைப் பிடுங்கினாள்.

அக்காவும் தங்கையும் பறந்துவிட்டார்கள். தவில் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

முகுந்தன் என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் காது கொடுத்துக் கேட்டார்.

"என்ன சைஸு போட்டீங்க சகலை?"

"மூணு!"

"மூணா? யாரு சொன்னா?"

அந்த இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஒங்க காரை அளந்தேன்! முறுக்கு வச்சு!"

சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"சகலை, நீங்க அளந்தது வெறும் டிப்பு லா! அலங்காரத்துக்கு வெளிய மாட்டுற மூடி! உள்ள பைப்பு ரெண்டே கால்தான்!"

வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். மணி அடித்ததும் பிள்ளைகள் அளவான கதவு வழியே வெளியேறினால், முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனை இழுத்துக்கொண்டு ஓடுவான். சுவரையே இடித்துவிட்டால் நின்று கதை பேசிக்கொண்டு போவார்கள். எஞ்சின் புகையும் அப்படித்தான். வேகம் குறைந்த நேரத்தில், அகலமான பைப்பில் அது சோம்பிவிடும். அவர் ஹெடரையும் பைப்பையும் டியூனிங்கையும் ஒன்றுக்கொன்று ஏற்ற மாதிரி பார்த்துச் செய்திருக்கிறார். நான் வெளியே பளபளத்த மூடியைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்!

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இரண்டாவது டீயில் இருந்தார்கள்.

"தம்பி, ஒங்க காரு வெண்ண மாதிரி ஏறுது!" என்றாள் வசந்தா. அவரிடம்.

நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். பிறகு, தொண்டையில் மீன்முள் இறங்குவது போல ஒரு வேதனையோடு கேட்டேன்.

"சகலை, அந்த ஹெடர எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! டிஷ்யூவை விரித்துப் படம் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து டிஷ்யூ. டீ ஆறிப் போனது தெரியவில்லை அவருக்கு.

"இதப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல சகலை. சத்தம் நல்லா இருக்குன்னுட்டுப் போயிருவாங்க."

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இறங்கும்போதும் வசந்தா அந்தக் காரில்தான் வந்தாள்.

ஆனாலும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். யாரைப் பார்த்தால் உங்களுக்கு வயிறெரிகிறதோ, அவருக்கு இன்றைக்கே போன் போட்டு, "இதை எப்படிச் செஞ்சீங்க?" என்று கேளுங்கள்.