பாகலூரில் நான் சொன்ன சிலோன்

இஞ்சி தட்டிப் போட்ட தேயிலை கொதிக்கும் வாசனை... ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் எங்கள் பாகலூரில் அது ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் வரும். மற்ற வீடுகளில் களி, கூழ், மோர்.

அது வேலாயுதம் அண்ணன் வீடு. சிலோன் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, பெண்டாட்டி பிள்ளையோடு தாத்தா ஊருக்குத் திரும்பியவர்.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். ஆனால் கொழும்பில் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தவன்! சிலோன் என்றால் சுற்றுவட்டாரத்தில் என்னைத்தான் கேட்பார்கள்.

அண்ணன் மகள் கமலத்தைப் பெண் பார்க்க ஜவளகிரியிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இது அமைந்தால்தான் அந்தக் குடும்பம் ஊரோடு ஒட்டும்.

கமலத்தின் அம்மா தோட்டத்து வழக்கப்படி பால் கலக்காத தேத்தண்ணி கொடுத்தார். கடித்துக்கொள்ள உள்ளங்கையில் ஒரு வெல்லத் துண்டு. அங்கே அதுதான் மரியாதை. இங்கே பாலில்லாமல் கடுங்காப்பி கொடுப்பது சாவு வீட்டில்...

மாப்பிள்ளையின் பெரியப்பா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"ஏம்பா, பொண்ணு பாக்க வந்தமா, துக்கம் கேக்க வந்தமா?"

விடுவேனா நான்?

"பெரியவரே, சிலோன் ஒரு தீவு. சுத்தியும் கடலு, நடுவுல மலை. மலை பூரா தேயில, கிராப்பு வெட்டுன மாதிரி. மண்ணத் தோண்டுனா ரத்தினக் கல்லு. உங்க ஊரு யானை ராகிக் கொல்லைய மேயும். அங்க யானை பட்டு போத்திக்கிட்டு சாமி சுமக்கும். சிங்களமும் பேசுவாங்க, தமிழும் பேசுவாங்க. மந்திரிங்களே வெல்லத்தக் கடிச்சிக்கிட்டுதான் இதைக் குடிப்பாங்க. பக்கத்துல உக்காந்து நானே குடிச்சிருக்கேன்!"

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். பெரியப்பாவும் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்புறம் கேட்டார்.

"அவ்ளோ சொகமான ஊர உட்டுட்டு ஏம்பா வந்தீங்க?"

அதற்கும் என்னிடம் ஒரு கதை தயார். ஆனால் வேலாயுதம் அண்ணன் முந்திக்கொண்டார்.

"காட்ட வெட்டித் தோட்டம் போட்டது எங்கப்பாருங்க. அங்க சர்க்காருல, நீங்க இந்த நாட்டு ஆளு இல்லன்னுட்டாங்க. இங்க வந்தா சிலோன்காரன்றீங்க..."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொறந்த நாடே வாணாம்னு சொன்ன எடத்துல பொண்ணெடுத்தா, நாளைக்கு நாலு பேரு எங்கள என்னா கேப்பாங்க?"

போய்விட்டார்கள். கமலம் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அந்த வருஷ ராகி அறுப்பு முடிந்ததும் குடகில் காப்பித் தோட்ட வேலை என்று குடும்பத்தோடு கிளம்பினார்கள். பிறகு தகவல் இல்லை.

இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பீகார், ஒடிசா கம்பெனிப் பையன்கள் பெட்டியோடு நிற்கிறார்கள். என் ஹிந்தியைக் கேட்டு அசந்து போவார்கள், அது வேறு. எங்கே தம்பி என்றால், "லீவு தாத்தா... ஊருக்கு" என்கிறார்கள், முகமெல்லாம் சிரிப்பாக.

'ஊருக்கு' என்ற அந்த ஒரு வார்த்தையை வேலாயுதம் அண்ணன் எந்தப் பக்கம் திரும்பிச் சொல்லியிருப்பார்...