கோர்ட்டுக்காகக் குத்திய காது

எனக்கு இரண்டு முறை காது குத்தினார்கள். முதல் முறை கைக்குழந்தையாக இருந்தபோது; எல்லாப் பிள்ளைகளையும் போல அழுதிருப்பேன். இரண்டாவது முறை எட்டு வயதில், கோர்ட்டுக்காக.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்து அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் போய்விட்டார்கள். சீசன் ஆர்டர் நெருக்கியதால் அன்றைக்கு அம்மாவையும் அப்பா இருந்த அறையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்றாம் வகுப்புத் தம்பியும் அப்போது பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றோம். சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்பது புதிதில்லை என்பதால் யாரும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. முட்டை வைத்தார்கள். தம்பிக்கு முட்டை பிடிக்காது. அவனுடையதையும் வாங்கி நானே தின்றேன்.

துஷ்டி வீட்டில், சாவுக்கு வந்தவர்கள் 'இதுகளை யார் பார்ப்பது' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் எங்கள் பெயரில் நிவாரணம் அறிவித்ததும் சொந்தக்காரர்களுக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. மைனர் பிள்ளைகளின் பணத்தைத் தொட வேண்டுமானால் கோர்ட்டு நியமித்த கார்டியனாக இருக்க வேண்டும் என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் அண்ணனான பெரியப்பா ஒரு மனுப் போட்டார். நாரணாபுரத்தில் வேன் ஓட்டிய அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இன்னொரு மனுப் போட்டார்.

பெரியப்பாவின் கை ஓங்கியிருந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொள்ளி வைக்கச் செய்தவர் அவர்தான். அதைப் படமும் எடுத்து வைத்திருந்தார். வம்சம் எங்களுடையது, பிள்ளையும் எங்களுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமாவிடம் அப்படி ஒரு படம் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மடியில் உட்கார்ந்த பிள்ளையை மாமனிடமிருந்து பிரிக்க எந்த ஜட்ஜுக்கு மனசு வரும் என்று மாமா கணக்குப் போட்டார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கோர்ட்டு வாய்தா ஒரு வருஷம் காத்திருக்குமா என்று மாமா கேட்டார்.

கோயில் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சிவகாசிப் பக்கம் அச்சடிப்பதற்கு என்ன பஞ்சம்? நடுவில் மாமா ஆளுயரத்துக்குச் சிரித்தார். ஓரத்தில் அப்பாவும் அம்மாவும் மாலை போட்ட படமாக எங்கள் விழாவுக்கு வந்திருந்தார்கள். முதலில் தம்பியை மடியில் வைத்தார்கள். ஆசாரி குத்தியதும் "அம்மா, அம்மா" என்று அலறினான். பந்தி முடியும்வரை அவன் நிறுத்தவில்லை. சாப்பிட்டவர்கள் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

எனக்குத்தான் ஏற்கெனவே ஓட்டை இருந்ததே. ஆசாரி ஊசியைச் சும்மா காதோரம் பிடித்துக்கொள்ள, போட்டோக்காரர் முன்னால் வந்து நின்றார். மாமா என் காதருகே குனிந்தார்.

"கொஞ்சம் அழு தாயி. போட்டோ எடுக்காக."

எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சத்தம் கேட்ட நாளிலிருந்தே வரவில்லை. மாமாவின் மனைவி, என் அத்தை, பாவாடைக்கு மேலேயே என் தொடையைக் கிள்ளினாள். படம் நன்றாக வந்தது.

தம்பியின் காதுப் புண் ஆறுவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா வந்துவிட்டது. வாசலில் ஒரு டீக்கடை. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத பெரியப்பாவும் மாமாவும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தம்பி என் டம்ளரில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"எதுக்கு அத்தான் ரெண்டு பேரும் அலையணும்? பையனை நீங்க வச்சுக்கிடுங்க. பொண்ணு எங்கிட்ட இருக்கட்டும், வீட்ல தீப்பெட்டி ஒட்டவாவது ஆவா" என்றார் மாமா.

பெரியப்பா டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அதுவுஞ் சரிதான். ஆளுக்கொண்ணுன்னா யாருக்கும் பாரமில்ல" என்றார்.

தம்பி இருட்டுக்குப் பயப்படுவான், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான் என்பது பெரியப்பா வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் பன்னை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

ஜட்ஜம்மா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். கொள்ளிப் படமும் மடிப் படமும் மேசையில் கிடந்தன. இரண்டையும் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தார். கொள்ளியும் மடியும் சட்டத்தில் இல்லை, பிள்ளைக்கு எது நல்லது என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். யார் கூட இருக்க ஆசை என்று கேட்டார். மாமா என்று சொல்லும்படி அத்தையும், பெரியப்பா என்று சொல்லும்படி பெரியம்மாவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தம்பி கூட" என்றேன்.

"தம்பியை யாரும்மா பாத்துக்குவா?"

"நான் பாத்துக்கிடுவேன். குளிப்பாட்டி விடுவேன். முட்டை போட்டா வாங்கி நான் தின்னுக்கிடுவேன்."

எங்களைப் பெரியப்பாவுக்கும் கொடுக்கவில்லை, மாமாவுக்கும் கொடுக்கவில்லை. குழந்தைகள் நலக் குழு மூலமாக விருதுநகரில் ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஜீப் கிளம்பும் முன் மாமா ஓடி வந்தார். வழியனுப்ப வருகிறார் என்று நினைத்தேன். "கம்மலைக் கழட்டிக் குடு தாயி, அங்கன தொலைஞ்சு போகும்" என்றார். காதுகுத்தில் அவர் போட்டுவிட்டதை நான் கழற்றிக் கொடுத்தேன். தம்பியுடையதை அவரே கழற்றினார். புண் பெயர்ந்து ரத்தம் வந்தது. பெரியப்பா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகப் பதில் சொன்னதால்தான் எங்களை ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நம்பினேன். தம்பி அழ ஆரம்பித்ததும் என் பாவாடையால் அவன் காதைத் துடைத்தேன்.

சில வருஷங்கள் சேர்ந்திருந்தோம். வயது கூடியதும் அவனை ஆண் பிள்ளைகள் இல்லத்துக்கு மாற்றினார்கள். "நீதானே பாத்துக்கிடுவேன்னு ஜட்ஜம்மாட்ட சொன்னே" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினான். அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியே வருமுன் ஜட்ஜம்மா இன்னொன்றும் கேட்டார்.

"சரி, அப்போ உன்னை யாரு பாத்துக்குவா?"

நான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். தம்பியை நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒரே கேள்வியை ஏன் திருப்பித் திருப்பிக் கேட்கிறார் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அந்த அறையில் இரண்டு குழந்தைகள் நின்றிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.