குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

என் வீட்டுக்காரரின் கை நடுங்குவதை நான் முதலில் கவனித்தது காலைக் கூழ் குடிக்கும்போது. வட்டிலை வாய்க்குக் கொண்டுபோனார்; கூழ் மார்பில் சிந்தியது. இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். அப்போதும் சிந்தியது.

"குளுருது புள்ளே" என்றார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய நாள்தான் சேலம் ஜில்லா முழுவதும் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் சர்க்கார் மூடியிருந்தது. எங்கள் பரமத்தி வேலூரில் பெண்கள் சேர்ந்து போய்ப் பூட்டிய கடையின் முன்னால் தேங்காய் உடைத்தோம். நானும் உடைத்தேன். அவரும் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "இனி தொட மாட்டேன். சனியன் தொலைஞ்சுது" என்றார். அதை மனதாரத்தான் சொன்னார்.

எங்களுக்குக் கொடிக்கால் (வெற்றிலைத் தோட்டம்) உண்டு. விடிந்ததும் கள், பொழுது சாய்ந்தால் சாராயம் என்று பல வருஷமாகக் குடித்து வந்தவர் அவர். ஆனால் வேலையில் குறை வைத்ததில்லை, என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அதனாலேயே அது ஒரு நோய் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இதைப் படிப்பவர்களில் பலரது வீட்டிலும் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் நாள் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. பாய் நனையும்படி வேர்த்தது. தூக்கம் அடியோடு போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதென்ன புள்ளே, செவுத்துல இத்தனை எறும்பு? தீ மாதிரி செவந்து கெடக்குது பாரு."

வெறும் சுவர். நான் போய்க் கையால் தடவிக் காட்டினேன். "உன்ற கையெல்லாம் ஏறுது, உதறு, உதறு!" என்று அலறினார். அவர் கண்ணில் இருந்த பயம் நிஜமான பயம்.

சற்று நேரத்தில் அவருக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. காவேரிக்கு அக்கரை திருச்சி ஜில்லா. அங்கே கடைகள் திறந்திருந்தன. அங்கிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து எழுந்து ஓடினார். அவருடைய தம்பி செல்லப்பன் வாசலை மறித்து நின்றார்.

"காத்துக் கருப்பு ஏதோ அடிச்சிருச்சு. கோயில்ல கொண்டுபோய்ச் சங்கிலி போட்டாத்தான் அடங்குமுங்க" என்றார் செல்லப்பன்.

என் மாமியார் அழுதார். "வேண்டாஞ் சாமி. பரிசல்ல போயி ஒரு சொப்புக் கள்ளு வாங்கியாந்து குடு. குடிச்சான்னா தெளிஞ்சிருவான்."

இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கள்ளைக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து. சங்கிலி போட்டால் அவர் அதை அறுக்கப் பார்த்தே செத்துப்போவார் என்று பட்டது. அப்போது அவர் திடீரென்று அடங்கி, நடு வீட்டில் நின்றபடி வெறும் காற்றில் ஏதோ செய்யத் தொடங்கினார். ஒரு கையால் எதையோ அணைத்துப் பிடித்தார். மறு கையால் நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு ஒரு எட்டு நகர்ந்து அடுத்த முடிச்சு. வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. ஆனால் வேலை துல்லியமாக நடந்தது. அந்த வேலை தெரிந்த எனக்கு, எந்த இடத்தில் கொடி நிற்கிறது என்றுகூடத் தெரிந்தது.

பேய்க்கு எதற்குக் கொடிக்கால் வேலை? இது அவர்தான், அவருக்கு உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

"வண்டியைப் பூட்டுங்க. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று செல்லப்பனிடம் சொன்னேன். மாமியார், "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க" என்று தடுத்தார். நான் கேட்கவில்லை.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், விரித்த கைகளைப் பார்த்தார். என்னிடம் ஒரே கேள்வி: "கடைசியாக் குடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

சொன்னேன்.

"பேயும் இல்லை, பைத்தியமும் இல்லைம்மா. இது டெலிரியம் ட்ரெமென்ஸ்." (நடுக்கமும் பிதற்றலும் சேர்ந்து வரும் சன்னி.) "வருஷக்கணக்காக் குடிச்சுப் பழகின மூளைக்கு அது திடீர்னு நின்னுபோனா தாங்காது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுல கேட்கும்."

"அப்ப நிறுத்துனது தப்புங்களா?" தேங்காய் உடைத்த என் கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

"நிறுத்தினது சரி. வைத்தியம் இல்லாம வீட்டுல வச்சு நிறுத்தினதுதான் ஆபத்து. இதுல உயிர் போறதும் உண்டு. நேரத்துல கொண்டு வந்துட்டீங்க."

பாரால்டிஹைடு (தூங்க வைக்கும் மருந்து, அதன் நெடி அறை முழுக்க நிற்கும்) கொடுத்தார்கள். அன்று மாலையே அவருக்கு வலிப்பு வந்தது. உடம்பு வில்லாக வளைந்தது, வாயில் நுரை தள்ளியது. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். செல்லப்பன் வெளியே போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

கட்டிப்போட வேண்டாம், விளக்கு எரியட்டும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்றார் டாக்டர். எறும்பு என்றால் என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். "இல்லைன்னு சண்டை போடாதீங்க. ஆமான்னும் சொல்லாதீங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லுங்க, போதும்." அதைத்தான் சொன்னேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது.

பக்கத்து அறைக்கு நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அதே நோய். வீட்டில் கட்டிவைத்துப் பார்த்திருக்கிறார்கள். மணிக்கட்டில் கயிறு பதிந்து புண்ணாகியிருந்தது. அவர் பிழைக்கவில்லை. அவர் மனைவிக்கு என்னைவிடச் சின்ன வயது. "எனக்கு யாரும் சொல்லலைங்கக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இதை எழுத உட்கார்ந்ததே அவளை நினைத்துத்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு பகலும் இரவும் அசையாமல் தூங்கினார். விழித்ததும், "இது எந்த ஊரு? நான் ஆரையாச்சும் அடிச்சனா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கொடி கட்டுனீங்க."

அவருக்குப் புரியவில்லை. அந்த நாட்கள் அவர் நினைவில் இன்றும் இல்லை.

உயிர் பிழைத்ததோடு நோய் தீர்ந்துவிடவில்லை. பாதம் இரண்டும் மரத்துப் போயிருந்தன. குடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். கைக்குத்தல் அரிசி, தவிடு, நிலக்கடலை, முட்டை என்று சாப்பிடச் சொன்னார். தரையைப் பார்க்காமல் அவரால் அடி வைக்க முடியவில்லை. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வருவார்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் பரிசல் ஏறி அக்கரைக்குப் போய்விட்டார். பொழுது சாயும்போது வந்து, என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "குடிச்சுட்டேன் புள்ளே." நான் கத்தவில்லை, கத்தத் தெம்பும் இல்லை. மறுநாள் இருவரும் பஸ் ஏறி நாமக்கல் போனோம். டாக்டர் திட்டுவார் என்று இவர் தலை குனிந்து நின்றார். "சொல்லிட்டு வந்தீங்களே, அது நல்லது" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பரிசல்துறைப் பக்கமே போவதில்லை. சந்தைக்குப் போனாலும் என்னையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போகிறார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை.

நாள் நீண்டுவிட்டது என்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. "முன்னெல்லாம் விடிஞ்சா இருட்டிரும். இந்த மத்தியானம் எங்கிருந்து வந்துச்சு புள்ளே?" என்பார். எனக்கும் அப்படித்தான். அவர் இருமினால்கூடக் கையைத்தான் முதலில் பார்ப்பேன். என் தூக்கம் பாதியாகி, மெல்ல மெல்லத்தான் திரும்பியது.

போன மாதம் ஒரு மத்தியானம் கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். அவர் வாய்க்காலுக்குள் நின்று மடை திருப்பினார். திடீரென்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். நான் அவர் கையைத்தான் முதலில் பார்த்தேன்.

"ஏனுங்க, என்ன பண்ணுது?"

"சில்லுன்னு இருக்குது புள்ளே."

"எங்கீங்க?"

"கால் கட்டவெரல்ல."

நானும் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். பாத்தி நிரம்பி வழிந்தது. அவர் மடையை மாற்றவில்லை, நானும் சொல்லவில்லை.