ஒன்பது விரல்

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்பு. இதை உறுதியாகச் சொல்ல என் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றன. எதற்கும் நாளும் கிழமையும் குறித்து வைக்கும் வியாதி அந்த வயதிலேயே எனக்கு இருந்தது. கோழி அடை உட்கார்ந்தது, சித்தப்பா சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தது எல்லாம் அதில் உண்டு. அப்படி விழவே இல்லை என்று சித்தப்பா இன்றுவரை சாதிக்கிறார்.

பெரியப்பா சிலம்ப வாத்தியார். மாணவர்கள் வராத நாட்களில் பெரியம்மாவின் கையில் ஒரு கம்பைக் கொடுத்து எதிரில் நிறுத்தி ஆடுவாராம். நான் பார்த்ததில்லை. எனக்கு மூன்று வயதாக இருந்தபோது பெருமுக்கல் பக்கம் ஒரு திருவிழாவுக்கு ஆடப் போனவர் திரும்பவில்லை. ஆடி முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பஸ்ஸில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவருடைய இரண்டு கம்புகளில் ஒன்று அவரோடு போயிற்று. மற்றது எங்கள் வீட்டு உத்தரத்தில் செருகியபடி இருந்தது.

ஏழு வருடம் கழித்துச் சித்தப்பாவுக்குப் பொம்மையார்பாளையத்தில் பெண் பார்த்தார்கள். “அண்ணன் இருக்காரா இல்லியான்னு ஒரு முடிவு சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசலாம்” என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். உறவுக்காரப் பெரியவர்கள் கூடி முடிவு சொன்னார்கள்: வரும் வெள்ளிக்கிழமை வைக்கோலில் ஓர் உருவம் செய்து எரிப்பது, கருமாதி செய்வது, பெரியம்மாவின் தாலியை இறக்குவது. அன்றிலிருந்து பெரியம்மா தாலிக்கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

எங்கள் வீட்டுப் பிழைப்பு உப்பளம். உப்புப் பாத்தியில் தண்ணீர் கட்டுவதற்கு முன்னால் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். விடியற்காலையில் தொடங்கிப் பதினோரு மணிக்குள் மிதித்து, பலகை போட்டு வழித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு எல்லோரும் கரையேறிவிடுவார்கள். உச்சிவேளையில் அங்கே ஆள் நிற்பதில்லை. நிழல் கிடையாது, வெயில் தரையிலிருந்து மேலே அடிக்கும். அந்த நேரத்தில் பாத்திப் பக்கம் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெரியம்மா பாத்திப் பக்கமிருந்து வந்தாள். வியர்வை இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை.

“தம்பி, கடைசிப் பாத்தியில போய்ப் பாருங்க. அவரு வந்துட்டுப் போயிருக்காரு” என்றாள் அப்பாவிடம்.

அப்பா ஓடினார். பின்னாலேயே சித்தப்பாவும் நானும். காலையில் வழித்துவிட்ட தரையின் நடுவில் காலடிகள் சுழன்று சுழன்று கிடந்தன. பெரிய பாதம். இடதுகாலில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் மழுங்கலாக இருந்தது. பெரியப்பாவின் அந்த விரலை இதே பாத்தியில் கிடந்த தகரம் ஒன்று காவு வாங்கியிருந்தது. வரப்பிலிருந்து நடுவுக்குப் போன பெரிய காலடி ஒன்றுகூட இல்லை. வெளியே வந்ததும் இல்லை. கூடவே கலந்து கிடந்த சின்னக் காலடிகள் மட்டும் வரப்பிலிருந்து போய்த் திரும்பியிருந்தன.

“எப்படி வந்தாரு? மேலேருந்து குதிச்சாரா? செத்தவன் வந்து சிலம்பம் ஆடுறானா?” என்றார் சித்தப்பா.

“டேய், செத்தவனுக்குக் கால் பதியுமாடா? உசுரோட இருக்காரு. வரப்புலேருந்து தாவியிருப்பாரு. அவரு தாவாத தாவா?” என்றார் அப்பா.

“இந்தச் சின்ன அடி?”

“அண்ணி பாக்க எறங்கியிருப்பாங்க. அத வுடு.”

போனில் படம் பிடிக்கும் காலம் எங்கள் ஊருக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பெரியவர்கள் மறுநாள் வருவதற்குள் வெயிலில் சேறு வெடித்துவிடும். அப்பா என்னை வீட்டுக்கு அனுப்பி நோட்டை எடுத்துவரச் சொன்னார். “பாப்பா, கண்ணுல பட்டத அப்படியே போடு. எது மேல எது இருக்குதோ, அப்படியே. அழகு பண்ணாத” என்றார்.

நோட்டு எடுக்க உள்ளே நுழைந்தபோது பெரியம்மா முந்தானையால் ஒரு கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் இருந்த கம்பு. அதன் நுனியில் பாத்திச் சேறு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள். மறைக்கவில்லை.

“கம்பு எதுக்குப் பெரியம்மா?”

“அவரு எதிர்ல வந்து நிக்கிறாரு. வெறுங்கையோட எப்படிடீ நிக்கிறது?” என்று சிரித்துவிட்டு, கம்பை உத்தரத்தில் செருகினாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். தாலியைக் காப்பாற்றிக்கொள்ள இவளே போய் ஆடி, கட்டைவிரலால் தடத்தின் ஓரங்களை அழுத்திப் பாதத்தைப் பெரிதாக்கி, சுண்டுவிரல் தடத்தை வழித்துவிட்டு வந்திருக்கிறாள். ஆட்டம் கற்றவள்தானே. யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ரகசியம் அதுவரை என்னிடம் இருந்ததில்லை.

மறுநாள் பெரியவர்கள் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை எதுவும் நடக்கவில்லை. பொம்மையார்பாளையத்துப் பெண் கைவிட்டுப் போனாள். சித்தப்பாவுக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் முடிந்தது. பெரியப்பா வரவே இல்லை. பெரியம்மா கடைசிவரை தாலியோடு இருந்து, தாலியோடு போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன பிறகுதான் சண்டைக்கலைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். ஸ்பெயின் தேசத்து வாள் ஆசிரியர்கள் தரையில் வட்டம் வரைந்து, எந்தக் கால் எங்கே விழ வேண்டும் என்று குறித்துக் கற்பித்தார்கள். ஒகினாவாவில் எதிரில் ஆளில்லாமலே ஆடிப் பழகுவார்கள். ஆடுபவரின் காலைப் பார்த்து, இல்லாத எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்களாம். அதைப் படித்த அன்று நோட்டை எடுத்தேன்.

பெரிய காலடி முன்னேறுகிற இடத்தில் சின்னக் காலடி சரியாக ஓரடி பின்வாங்கி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி உள்ளே வருகிறது. பார்ப்பதற்கு இறங்கியவள் அப்படி நடக்கமாட்டாள். அது எனக்குப் புதிதல்ல. பெரிய காலடிகளை முதலில் பதித்துவிட்டு, பிறகு தன் ஆட்டத்தை ஆடியிருப்பாள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அப்படியானால் சின்னக் காலடிதான் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

அப்பா சொன்னபடி நான் அழகு பண்ணவில்லை. மூன்று இடங்களில் சின்னப் பாதத்தின் விரல்களை மிதித்துக்கொண்டு பெரிய பாதம் விழுந்திருக்கிறது. அதில் ஒன்று இடதுகால். நான்கு விரல்களைத்தான் வரைந்திருக்கிறேன். ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில், வழித்துவிடப்படாமல், பெரியம்மாவின் சுண்டுவிரல் முழுதாகத் தெரிகிறது.