உப்பி வந்த பேன்கேக்

போன வருடம் ஜூன் மாதம், புனே விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் நடந்தது இது. மகள் முதல் வேலைக்காக குர்கானுக்குக் கிளம்பும் காலை. அவளுக்கு வேலை கிடைத்ததும் மூன்று கட்டடங்களுக்குப் பேடா கொடுத்தவன் நான். அவளைவிட எனக்குத்தான் அந்த வேலை பிடித்திருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

"போறதுக்கு முன்னாடி பேன்கேக் பண்ணித் தாங்கப்பா, உப்பலா" என்று கேட்டிருந்தாள். சமையலைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். சமைத்ததுதான் இல்லை. மாவு என்றால் முந்தின நாளே கரைத்து மூடி வைப்பதுதானே நம் வழக்கம்? மைதா, பால், முட்டை, பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் மிக்ஸியில் நன்றாக ஓட்டி, தட்டுப் போட்டு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மாவு பொங்கவில்லை. கல்லில் ஊற்றினால், வீட்டில் தோசை வார்ப்பதைப் பார்த்த பழக்கத்தில் கை கரண்டியைச் சுழற்றித் தேய்த்துவிட்டது. வந்தது, வெண்ணெய் மணக்கும் ஒரு தோசை. எட்டிப் பார்த்த மனைவி சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, இதென்ன இட்லி மாவுங்களா, ராத்திரியே கரைச்சு வெக்கறதுக்கு? அந்தப் பவுடர் நனைஞ்சதுமே பொங்கி முடிஞ்சிருமுங்க."

மகள் குளித்துவிட்டு வந்து, மேடைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "அரே, சலேகா அப்பா! இதையே குடுங்க."

'சலேகா'வாவது! பரவாயில்லை என்று விடுகிற ஆளா நான்? அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதிதாக மாவு கலக்க ஆரம்பித்தேன்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு கண்ணு. ரொம்பக் கலக்கினா ரப்பராயிடுமாம்."

மாவைக் கல்லில் ஊற்றியதும் மறுபடி, "அந்த வேலை விஷயம்ப்பா..." என்றாள்.

"உஷ்! குமிழி வருதான்னு பாக்கணும். வெடிச்சாத்தான் திருப்பணும்."

குமிழி வந்தது. வெடித்தது. திருப்பினேன். என்ன அழகாக உப்பியது தெரியுமா! வெற்றிக் களிப்பில் தட்டோடு நிமிர்ந்தால் நாற்காலி காலி. இன்டர்காமில் வாட்ச்மேன், "சாப், காடி ஆ கயி" என்று வண்டி வந்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஒரு வாய் தின்று, "சூப்பர்ப்பா" என்றாள். லிஃப்ட் கதவு மூடிவிட்டது. லோஹேகாவ் விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்; வழியனுப்பக் கூடப் போகத் தோன்றவில்லை. அன்று மட்டும் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால், கூடவே போயாவது கேட்டிருப்பேன்.

சாயங்காலம் போனில், "என்ன கண்ணு சொல்ல வந்தே?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா."

தீபாவளிக்கு வந்தபோது அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறாள். அந்த வேலைக்குப் போக அவளுக்கு மனமே இல்லையாம். மேலே படிக்க ஆசையாம். "அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிடலாம்னுதாம்மா உக்காந்தேன். அவர் பிஸி."

ஓடிப்போய்க் கேட்டேன். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, விட்டுவிட்டு வா என்றேன். சிரித்தாள். "பழகிடுச்சுப்பா. சலேகா" என்றாள். ஓரம் தள்ளிய அந்தத் தோசை ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் பேன்கேக் சுடுகிறேன். சாப்பிடுவது நாங்கள் இரண்டு பேர்தான். மாவின் மேல் குமிழி எப்போது வெடிக்கும் என்று இன்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அன்று எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைத்தான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.