கதவைத் திறக்க ஆளில்லாதவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், திட்டுவார்கள், சிலர் அழவும் அழுவார்கள். இவர் எல்லாவற்றுக்கும் "இதோ ஆச்சுங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு ஸ்பானரைத் திருகுவார். வீட்டிலும் அதே பதில்தான். குழாய் ஒழுகுகிறது என்றாலும் இதோ ஆச்சு, மகள் ஹாஸ்டலிலிருந்து வருகிறாள், ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கள் என்றாலும் இதோ ஆச்சு. இப்படிப்பட்ட மனிதருக்குள் ஒரு பைத்தியம் குடியிருக்கிறது என்று கல்யாணம் பேசும்போது ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.

தெருவில் போகிற வருகிறவர்களைப் படம் எடுக்கிற பைத்தியம். கல்யாணம், பிறந்தநாள் என்று யாராவது கேமராவோடு வரச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தெரிந்தவர்களை எடுப்பதில் என்ன இருக்கிறது என்பார். கட்டின பொண்டாட்டியை இவர் எடுத்ததே இல்லையா என்று கேட்டால், எடுத்திருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கு.

லீவு நாளில் சுவரில் வெயில் நன்றாக விழுகிற ஒரு மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அந்த வெளிச்சத்துக்குள் யாராவது காலை வைக்கிற வரைக்கும் அசைய மாட்டார். கேமரா நெஞ்சில் தொங்கும், அதன் பை பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஜிப்பைப் போடுங்கள், உள்ளே இருப்பது விழுந்து தொலையும் என்று நான் கத்தாத நாளில்லை. ஜிப்பைத் திறந்து கேமராவை எடுப்பதற்குள் ஆள் போய்விடுவார் என்பது இவர் நியாயம். வெளியே இருக்கும்வரை அந்தப் பை மூடாது, வீட்டுக்குள் வந்த பிறகுதான் மூடும்.

வீட்டுக்கு வருவது இன்னொரு கூத்து. சாவி சட்டைப் பையிலேயே இருக்கும், ஆனாலும் பெல் அடிப்பார். நான் துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் பிரிவில் இருக்கிறேன். பகலெல்லாம் அடுத்தவர் தோளையும் இடுப்பையும் அளந்துவிட்டு வந்து, மிச்சத் தையலை வீட்டில் உட்கார்ந்து முடிப்பேன். பாதித் தையலில் ஊசியை விட்டுவிட்டு எழுந்து போய்த் திறக்க வேண்டும். சாவியை வைத்துக்கொண்டு என்னை எதற்கு எழுப்புகிறீர்கள் என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அசடு வழிந்துகொண்டே செருப்பைக் கழற்றுவார், அவ்வளவுதான்.

இவரைப் போன்றவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். எல்லோரும் அவருக்குப் படத்தை அனுப்புவார்கள், அவர் யார் எடுத்தது என்று சொல்லாமல் குழுவில் போடுவார். பிறகு ஒரு விளையாட்டு நடக்கும். படத்தில் இருக்கிற அந்நியர் யார், என்ன கதை என்று ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். 'மாமியாரிடம் மாட்டப் போகிறவர்', 'இன்றுதான் வேலை கிடைத்தவள்', இப்படி எதையாவது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற இவர், அந்த ஒரு வரி எழுதுவதில் மட்டும் கில்லாடி.

இந்த முறை நூலகத்தில் கண்காட்சி வைப்பது என்று முடிவானது. நிறைய படங்கள் சின்னதாக மாட்டுவார்கள், ஒரே ஒரு படம் மட்டும் ஆள் உயரத்துக்கு, நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில். எந்தப் படம் என்று குழுவில் ஓட்டு. இவர் காற்றில் பறக்கிற தொப்பியைத் துரத்தும் தபால்காரர் படத்தை அனுப்பிவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். அந்தப் பெரிய சுவரின் மேல் இவருக்கு அவ்வளவு ஆசை. தொப்பிப் படம் இரண்டாவதாக வந்தது.

நான் ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தால், மனிதர் சிரித்துக்கொண்டு வருகிறார். ஜெயித்த படத்துக்கு இவரே ஓட்டுப் போட்டாராம். அது மட்டுமில்லை, அந்தப் படத்துக்கு வந்த வரிகளில் இவர் எழுதினதுதான் பிரமாதம் என்று எல்லோரும் சொல்லி, அதையே படத்துக்குக் கீழே அச்சடித்து மாட்டப் போகிறார்களாம். தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனை நீட்டினார்.

ரயில் நிலையத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டு. சாயங்கால வெயில். ஒரு ஆள் படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாட்டிலிருந்து எடுத்த படம், முதுகும் கொஞ்சம் கன்னமும்தான் தெரிகிறது, படியின் கீழ்ப்பகுதி ஒரே இருட்டு. கைகள் இரண்டும் முழங்காலுக்கு நடுவில் தொங்குகின்றன. சுற்றிலும் ஜனங்கள் இறங்கிப் போகிறார்கள், ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. எதையோ தொலைத்துவிட்டு, தேடவும் தெம்பில்லாமல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே இவர் எழுதின வரி: 'வீட்டுக்குப் போய் பெல் அடித்தால் கதவைத் திறக்க ஆளில்லாதவர்.'

இவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அந்த வரிக்காக இல்லை. இவருக்கு டூல்ஸ் பை தூக்கித் தூக்கியே வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிப் போயிருக்கும். கடையில் வாங்கின சட்டை எதுவும் இவருக்கு நேராக நிற்காது, அதனால் நானே அந்தப் பக்கத் தோளைக் கொஞ்சம் இறக்கி வெட்டித் தைப்பேன். படத்தில் இருந்த சட்டையில் வலது தோள் இறங்கியிருந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா?

"ஏங்க," என்றேன், "இது நீங்கதாங்க."

திருதிருவென்று விழித்தார். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார். இல்லவே இல்லை என்றார். நான் எழுந்து போய்ச் சலவைக் கூடையிலிருந்து அதே சட்டையை எடுத்து மடியில் போட்டேன். சட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு என் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். அங்கே சுவரில் இருக்கிற கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இருக்கிற கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அப்படியானால் கதவைத் திறக்கிற நான் யார்? இத்தனை வருஷமாக ஊசியை விட்டுவிட்டு எழுந்து ஓடுகிறேனே, அது கணக்கில் வராதா? இவர் வேண்டுமென்று எழுதவில்லை, யாரோ என்று நினைத்து எழுதினார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் இவருக்கு ஏன் அதுதான் தோன்ற வேண்டும்? என் புருஷன் என்னோடு இருந்துகொண்டே ஒண்டியாக இருக்கிறாரா? அதை ஊர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஒன்றும் புரியவில்லை.

குழுவில் ஒரு விதி உண்டு. படத்தில் இருக்கிறவர் வேண்டாம் என்று சொன்னால், மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட வேண்டும். அந்த விதியைப் போட்டவரே இவர்தான். எடுத்துவிட்டால் அடுத்ததாக வந்த தொப்பிப் படம் பெரிய சுவருக்குப் போகும். ஒரு வார்த்தை போதும், இவர் ஆசையும் நிறைவேறும், என் மானமும் பிழைக்கும். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள் என்றேன். ஓட்டு முடிந்ததும் யார் எடுத்தது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், யாரோ ஒரு நர்ஸ் பெண்ணாம், குழுவுக்குப் புதிதாம், முதல் படமாம். இவர் தலையைச் சொறிந்தார்.

"படம் நல்லாருக்கேம்மா," என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். நன்றாக இருக்கிறதா, என்ன நன்றாக இருக்கிறது, பொண்டாட்டி இல்லாதவர் என்று ஊரெல்லாம் படிக்கப் போவதா என்று ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். இவர் வழக்கம்போல "இதோ ஆச்சு" என்றார். என்ன ஆச்சு என்று இவருக்கும் தெரியாது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு திரிந்தோம். சாப்பிட உட்கார்ந்தால் அவர் கை முழங்காலுக்கு நடுவில் தொங்குகிறதா என்று பார்ப்பேன். நான் பார்ப்பது தெரிந்து அவர் நிமிர்ந்து உட்காருவார். நிமிர்ந்தால் எனக்காக நிமிர்கிறாரோ என்று அதற்கும் வருத்தம். கடையில் ஒரு கோட்டுக்குக் கை நீளத்தைத் தப்பாகக் குறைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மகளிடம் போனில் சொன்னால், "அம்மா, அது வெறும் போட்டோம்மா, லைட்டுக்காக வெயிட் பண்ணிருப்பாரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே நம்பிவிடத்தான் ஆசை.

கண்காட்சி தொடங்குகிற நாளும் வந்தது. இவர் டாக்டரிடம் சொல்லவில்லை. நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினேன்.

நூலக ஹாலுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் இவர் முதுகு. அத்தனை பெரிதாக. கீழே அந்த வரி, நல்ல கொட்டை எழுத்தில். ஜனங்கள் நின்று படித்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். பாவம் என்றார்கள். ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். நான் கிட்டே போகாமல் கதவோரமாக நின்றுகொண்டேன். இவர் படத்துக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். சுவரில் ஒரு முதுகு, தரையில் அதே முதுகு, அதே தோள்.

அதைப் பார்த்தது நான் மட்டுமில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள்தான் அந்த நர்ஸ். பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தாளாம். ஓடிப்போய் இவரிடம், தெரியாமல் எடுத்துவிட்டேன் சார், நீங்கள் வேண்டாம் என்றால் இப்போதே இறக்கிவிடலாம் என்று திக்கித் திணறினாள். டாக்டரும் வந்துவிட்டார். இவர் திரும்பி என்னைத் தேடினார்.

"என் வீட்ல அவங்கதான்," என்று என்னைக் காட்டினார். "அவங்க வேணாம்னா எடுத்துருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவைத் திறக்கிற ஆள் ஒருத்தி உண்டு என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இறக்குங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் இவரிடம், அன்றைக்கு அங்கே எதற்காக உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டுவிட்டாள். வாரம் முழுக்க நான் கேட்கப் பயந்த கேள்வி.

இவர் கொஞ்சம் யோசித்தார். "வெளிச்சத்துக்கு யாராச்சும் வருவாங்கன்னு உக்காந்திருந்தேன்."

அப்பாடா என்று இருந்தது. மகள் சொன்னதுதான் சரி. இவர் முகமே அப்படித்தான், காத்திருக்கும்போது எல்லாம் தொலைந்தவர் மாதிரி இருப்பார், அவ்வளவுதான் விஷயம். நான் சிரித்துக்கொண்டு, இருக்கட்டும், படம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கைதட்டினார். தெம்பு வந்து நானும் முதல் தடவையாகப் படத்துக்குக் கிட்டே போனேன்.

போனில் இருட்டாகத் தெரிந்த கீழ்ப்படி, பெரிய படத்தில் தெளிவாக இருந்தது. இவர் காலடியில் கேமரா பை. ஜிப் முழுசாக இழுத்து மூடியிருந்தது. கழுத்தில் கேமராவின் வார் இல்லை.

திரும்பிப் பார்த்தால் இவர் தன் படத்தைப் பார்க்கவில்லை, நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

"பை மூடியிருந்துச்சே," என்றேன்.

"ஆமா."

"என்னங்க ஆச்சு அன்னிக்கு?"

"ஒண்ணும் ஆகலம்மா. வீட்டுக்கு வரணும்னு தோணல. வேற எங்கயும் போகணும்னும் தோணல. ஏன்னு எனக்கே தெரியல. கொஞ்ச நேரம் உக்காந்தேன், அப்புறம் வந்துட்டேன். நீதான் வந்து திறந்த."

அது எந்த நாள் என்றுகூட எனக்கு நினைவில்லை. வழக்கம்போல் சாவி இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்திருப்பேன். வரணும்னு தோணாத வீட்டுக்கு வந்து எதற்கு பெல் அடிக்க வேண்டும் என்று கேட்கலாமா? கேட்டால் அதற்கும் இவருக்குப் பதில் தெரியாது. எனக்கு மட்டும் என்ன தெரிந்துவிட்டது? இவர் வெளிச்சத்துக்கும் காத்திருக்கவில்லை, என்னை வேண்டாம் என்றும் நினைக்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

வீட்டு வாசலுக்கு வந்தோம். இவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். நான் அதைப் பிடுங்கிக் கதவைத் திறந்து உள்ளே போய், இவர் காலை எடுத்து வைப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டேன்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் வெளியிலிருந்து.

"பெல்லை அடிங்க."

சத்தமே இல்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி அந்தப் படிக்கட்டுக்கே போய்விட்டாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். போய்விட்டால் நான் என்ன செய்வேன், எந்தப் பக்கம் ஓடுவேன் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெல் அடித்தது. திறந்தேன். அசடு வழிந்துகொண்டே செருப்பைக் கழற்றினார்.