கம்பைன்ட் ஸ்டடி

பிளஸ் டூ படித்த வருடம் என் தோழி மாலைதோறும் எங்கள் வீட்டுக்குப் படிக்க வந்தாள். அதாவது, அவள் வீட்டில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனதென்னவோ தாம்பரம் ஸ்டேஷனுக்கு. ஒரு பாலிடெக்னிக் பையனோடு ஊரப்பாக்கம் வரை ரயிலில் போய், அடுத்த ரயிலில் திரும்பிவிடுவாள். அவர்கள் காதல் மொத்தமே அவ்வளவுதான். விஷயம் வெளியே வந்தால் படிப்பை நிறுத்தித் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். இருந்தும் இந்தக் கம்பைன்ட் ஸ்டடிப் பொய்யை யோசித்துக் கொடுத்தவள் நான். அதில் எனக்குப் பெருமை வேறு.

அது நோன்பு மாதம். பள்ளிவாசலில் வாங்கிவரும் கஞ்சியைத் தெருவில் நாலு வீட்டுக்காவது கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு மனசு ஆறாது. அன்று நான் நோன்பு அசதியில் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரு வாரமாகக் கண்ணிலேயே படவில்லையே, காய்ச்சலோ என்னவோ என்று அம்மா தூக்குவாளியோடு அவள் வீட்டுக்கே போய்விட்டார்.

"இன்னாக்கா சொல்றீங்க? அவ உங்க வூட்லதானே படிச்சிகினு கீறா?" என்றாராம் அவள் அம்மா.

மறுநாள் விடிந்ததிலிருந்து அந்தப் பையனுக்கு நாலு முறை போன் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். உயிரையே கொடுப்பேன் என்று சொன்னவன் சிம் கார்டை மாற்றியதோடு சரி.

எட்டு மணிக்கு அவளை இழுத்துக்கொண்டு அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"நீ சொல்லும்மா. உனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

என் அம்மா பக்கத்திலேயே நின்றார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று நான் காலில் விழுந்திருக்கலாம்.

"தெரியாது ஆன்ட்டி" என்றேன், நோன்பு வைத்த வாயால்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் அம்மாவிடம், "அவளுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. அவள இதுல இழுக்காத" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. பதினெட்டு முடிந்த மறுமாதமே கல்யாணம். நானும் அம்மாவும் போயிருந்தோம். வெட்கமில்லாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தார். "என் புள்ள அப்படியில்ல. நீ எவ்ளோ வேணா படிம்மா" என்றார். அந்த நம்பிக்கையில்தான் என்னைக் காலேஜில் சேர்த்தார்கள்.